மூன்றாவது தடவை இறக்கிய கியர்பாக்ஸ்

பேட்டை, திருநெல்வேலி
14-7-2024

அன்பான முஹ்சின் காக்காவுக்கு, தங்கச்சி முஃபீதாவின் ஸலாம்.

இங்கே எல்லோருக்கும் சுகம், உம்மாவின் முட்டுவலி நீங்கலாக. உங்கள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் போன வாரம் போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அல்லாஹ் மீது ஆணையிட்டு நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். பின்னால் இல்லை என்று சொல்லக்கூடாது. "என் வண்டி பேட்டையில இருந்து பாபநாசம் போயிட்டு தானா திரும்பி வருத வரைக்கும் உங்க ஒருத்தர்ட்டயும் போன்ல பேச மாட்டேன். பொண்ணு பாக்குத பேச்சும் அதுவரைக்கும் கிடையாது." முதல் பாதியைப் பற்றி உம்மா கவலைப்படவில்லை. இரண்டாவது பாதிக்குத்தான் அடுப்படியில் உட்கார்ந்து ஒரே அழுகை. நாற்பதை எட்டிப் பார்க்கிற மகனுக்கு வருகிற லீவிலாவது நிக்காஹ் முடித்துவிட வேண்டும் என்று இருந்தார்கள். பள்ளிவாசல் அசரத்திடம் போய்க் கேட்டேன். ஆணையை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்றார். நானே ஆக்கிப் போடுகிறேன் என்று உங்கள் கூட்டாளி ஹசன் அலி மூலமாகச் சொல்லியும் அனுப்பினேன். நீங்கள் மசியவில்லை. வாட்ஸப்பும் போன்தானாம்! அதனால்தான் இந்தப் பேனாவும் பேப்பரும்.

நடந்ததைச் சொல்ல விடாமல் போனை வைத்துவிட்டீர்கள். இப்போது கேளுங்கள். என் வீட்டுக்காரர், உங்கள் அருமை மச்சான் பீர் மைதீன், வண்டியை விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. பக்ரீது கழிந்ததும் ஊரெல்லாம் கல்யாணம். சிவப்பு வண்டி, கூரையைக் கழற்றிப் போடுகிற வண்டி, உள்ளே மாப்பிள்ளை உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். "அண்ணாச்சி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும் தாங்க" என்று ஒருவன் வந்து நிற்பான். இவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. தஃப் அடிக்கிறவர்கள் முன்னால் நடக்க, இவர் பின்னாலேயே முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி, பள்ளிவாசலில் இருந்து பெண் வீடு வரைக்கும் ஊர்ந்துகொண்டே போவார். ஒரு மாப்பிள்ளையா, இரண்டு மாப்பிள்ளையா! கடைசி ஊர்வலத்தில் வண்டிக்கு அடியில் இருந்து புகை கிளம்பியது. சாம்பிராணி என்று நினைத்து இரண்டு பெரியவர்கள் ஸலவாத்து சொன்னார்களாம். மாப்பிள்ளை நடந்து போய்த்தான் நிக்காஹ் நடந்தது.

கிளட்ச் கரிந்துவிட்டது. கோவாவில் கொஞ்ச காலம் செய்து அப்புறம் நிறுத்திவிட்ட இரண்டு சீட்டு வண்டிக்கு இங்கே யாரிடம் சாமான் இருக்கும்? நீங்களோ சார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு கிளட்ச் செட் அனுப்புங்கள். வண்டியை ஓட வைப்பது என் பொறுப்பு. ஓடிய அடுத்த நாள் பெண் பார்ப்போம். சொன்ன சொல் மாறக்கூடாது.

வஸ்ஸலாம்.
முஃபீதா


சார்ஜா
2-9-2024

முஃபீதாவுக்கு, ஸலாம்.

நான் சுகம். உம்மாவை முட்டுக்கு எண்ணெய் போடச் சொல். பதில் தாமதம், வேலை அதிகம்.

கிளட்ச் தேடினேன். கிடைக்கவில்லை. அது பிரான்சுக்காரன் எஞ்சின், ரொம்பப் பழசு. பார்க்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. வண்டி பாவம், கொஞ்ச நாள் நிற்கட்டும். மச்சானிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது.

உம்மாவிடம் சொல், ஆணை ஆணைதான். நான் என்ன செய்ய?

முஹ்சின்


பேட்டை
10-10-2024

அன்பான காக்காவுக்கு, முஃபீதாவின் ஸலாம்.

உம்மா சுகம். முட்டு அப்படியே இருக்கிறது. மழை இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

ஸ்டோர் முழுக்கச் சாமானை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு கிளட்ச் பிளேட் கிடைக்கவில்லை என்று எழுதுகிறீர்களே, இதை யாரிடம் சொல்ல! கிளட்ச் வந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் பெண் பார்க்க வேண்டும். எனக்கென்ன தெரியாதா? சரி, நீங்கள் தராவிட்டால் போகிறது என்று நானே இறங்கிவிட்டேன்.

தொழிற்பேட்டையில் நாறும்பூநாதன் அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அவர் கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏன் தங்கச்சி, இதுல ஊர்வலம் போனியளா, ஏர் உழுதியளா?" என்று கேட்டார். உங்கள் மச்சான் தூரமாய்ப் போய் நின்று டீ குடித்தார். வேறு ஒரு காரின் பிளேட் அளவு ஒத்துப் போயிற்று. நடுவில் இருக்கிற குடம் மட்டும் சேரவில்லை. பழைய பிளேட்டின் குடத்தை எடுத்துப் புதுப் பிளேட்டில் ரிவெட் அடித்து மாட்டினார். எல்லாம் முடிந்து எஞ்சினைப் போட்டு கியர் போட்டால், கர்ர்ர் என்று ஒரே சத்தம். பெடலை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழவே இல்லை. அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "குறியப் பாத்துத்தானம்மா மாட்டினேன்" என்று தலையைச் சொறிந்தார்.

அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே பெண்பிள்ளைகளுக்கு மோட்டார் மெக்கானிக் வேலை சொல்லிக் கொடுக்கிற பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே டீச்சராக இருப்பவள் அர்வா. பத்தமடைக்காரி. வாப்பா அகமது மீரான், கோரைப்பாய் நெய்து விற்கிறவர். சத்தம் கேட்டு அவளாகவே வந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் படுத்தாள். "இன்னொரு தடவை இறக்குங்க அண்ணாச்சி" என்றாள். இரண்டாவது தடவையாகக் கியர்பாக்ஸ் இறங்கியது. பிளேட்டில் எஞ்சின் பக்கம் எது என்று ஒரு குறி இருக்குமாம். குறி சரியாகத்தான் இருந்தது, ஆனால் ரிவெட் அடிக்கும்போது குடம் திரும்பிப் போயிருக்கிறது. "அட, கூறுகெட்ட வேலை பாத்திருக்கேனே!" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம்.

ஆனால் அந்தப் பிளேட்டை மறுபடி மாட்ட அவள் சம்மதிக்கவில்லை. உங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். கன்னிப்பெண் கடிதம், மூடாமல்தான் தந்தாள், நான் படித்துவிட்டேன். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த மாப்பிள்ளை எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கிரீஸ் வேலை வேண்டாம் என்றார்களாம். அவள் அந்த மாப்பிள்ளைகளே வேண்டாம் என்றுவிட்டாளாம். சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

ஹசன் அலி நாளைக்குப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

முஃபீதா

(உள்ளே இருந்த சீட்டு)

வண்டியின் உரிமையாளர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வண்டி நலமாக இல்லை. ஒட்டுப்போட்ட பிளேட் ஊருக்குள் ஓடும், பாபநாசம் ஏற்றத்தில் கழன்றுவிடும். இதற்கு உரிய செட்தான் வேண்டும். சார்ஜாவில் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டு அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவரை என்ன சொல்வது என்று தெரியவில்லை. தங்கச்சி முஃபீதாவுக்காக எழுதுகிறேன். அர்வா, பயிற்சியாளர்.


சார்ஜா
15-10-2024

அன்புள்ள முஃபீதா, ஸலாம். நீ, உம்மா, மச்சான் எல்லோரும் சுகமா? உம்மாவின் முட்டு எப்படி? நாறும்பூநாதன் அண்ணாச்சிக்கும் என் ஸலாம்.

உன் கடிதம் வந்தது. யார் இந்த டீச்சர்? என்னைப் பார்க்காமலேயே திட்டுகிறாள்! எங்கே படித்தாள்? எத்தனை வருஷமாக இந்த வேலை? குடம் திரும்பி இருப்பதை அடியில் படுத்த உடனேயே கண்டுபிடித்தாளா, யோசித்துக் கண்டுபிடித்தாளா? இந்த விவரங்களை அடுத்த கடிதத்தில் எழுது. வண்டிக்காகக் கேட்கிறேன்.

கிளட்ச் கிடைத்துவிட்டது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற தெருவில் ஒரு மலையாளி வைத்திருந்தான், பெட்டி பிரிக்காத செட். நாளை ஒருவர் திருவனந்தபுரம் வருகிறார். அவர் கையில் கொடுத்திருக்கிறேன், மச்சானைப் போய் வாங்கச் சொல். பெட்டியை டீச்சரிடமே கொடு. வேறு யாரும் பிரிக்க வேண்டாம்.

அவளுக்குச் சொல்: நான் வண்டியைத் தார்ப்பாயால் மூடியது வெயிலுக்காக.

முஹ்சின்


பேட்டை
29-10-2024

வண்டியின் உரிமையாளர் அவர்களுக்கு, அர்வாவின் ஸலாம். தங்கள் வீட்டில் உம்மா உள்பட எல்லோரும் சுகம், நானே பார்த்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் முஃபீதா படித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

செட் வந்தது. நல்ல சாமான். பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கிற மூடியும் இருக்கின்றன. ஆனால் ரிலீஸ் பேரிங் இல்லை. பெடலை மிதித்தால் தள்ளிக் கொடுக்கிற பேரிங் அதுதான், ஸ்டோர் கீப்பருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பெட்டியில் மூன்று சாமானுக்கு இடம் இருந்தது, இரண்டுதான் வந்திருக்கிறது. பழைய பேரிங்கைத் துடைத்துப் போட்டு மாட்டிவிடவா, காத்திருக்கவா? எழுதுங்கள்.

தார்ப்பாய் வெயிலுக்கு நல்லதுதான். எலிக்கும் நல்லது. சீட்டுக்கு அடியில் ஒரு குடும்பமே இருந்தது. விரட்டிவிட்டேன்.

இந்த வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்று என் மாணவிகள் கேட்கிறார்கள்.

அர்வா


சார்ஜா
4-11-2024

டீச்சர் அவர்களுக்கு, முஹ்சினின் ஸலாம். நான் சுகம். இங்கே வெயில் தணிந்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வருகிறதா?

பேரிங் எப்படி விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. தேடுகிறேன். அதுவரை பழையதை மாட்டுங்கள். மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். விவரமாக எழுதுங்கள்.

உங்கள் மாணவிகளுக்குப் பதில். ஆறு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது கோவில்பட்டியில் ஒருவர் விற்கப் போவதாகச் சொன்னார்கள். பார்க்கத்தான் போனேன். ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உம்மா வாசலில் நின்று, "ஏலே, எட்டுப் பேரு இருக்குத வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா?" என்று கேட்டார்கள். மறுநாள் தனியாகப் பாபநாசம் வரை ஓட்டினேன். கல்லிடைக்குறிச்சி தாண்டினால் ரெண்டு பக்கமும் வயல், முன்னால் மலை. வழியில் ஒரு தர்பூசணி வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அதோடு சரி, அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, மச்சான் ஏற்றிய மாப்பிள்ளைகளைத் தவிர.

இதை மாணவிகளிடம் சொல்ல வேண்டாம்.

முஹ்சின்


பேட்டை
20-11-2024

முஹ்சின் அவர்களுக்கு, அர்வாவின் ஸலாம். எல்லோரும் சுகம். ஆறு நிறைந்து ஓடுகிறது. உம்மா தினமும் எனக்கு ஒர்க்‌ஷாப்புக்கு டீ கொடுத்து அனுப்புகிறார்கள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

கிளட்ச் மாட்டியாயிற்று. கியர் வெண்ணெயாக விழுகிறது. தெருமுனை வரை ஓட்டினோம், குலுங்கவே இல்லை. நாறும்பூநாதன் அண்ணாச்சி, "முடிஞ்சு போச்சு டீச்சர், தங்கச்சிட்ட சாவியக் குடுத்திருவோம்" என்றார்.

நான் கொடுக்க வேண்டாம் என்றேன். பெடலில் இருந்து காலை எடுக்கும்போது மெலிசாக ஒரு சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது. பழைய பேரிங்காக இருக்கலாம். இப்படியே விட எனக்கு மனசு இல்லை. மூன்றாவது தடவையாகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். உங்கள் பேரிங் வரும்வரை இறக்கியே வைக்கிறேன். உங்களுக்கு அவசரமா?

தர்பூசணிக்கு சீட் பெல்ட் போட்டீர்களா?

அர்வா


சார்ஜா
26-11-2024

அர்வா டீச்சருக்கு, முஹ்சினின் ஸலாம். எல்லோர் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

அவசரமே இல்லை. இறக்கியே வையுங்கள். கிளட்ச் விஷயத்தில் அவசரப்படக்கூடாது. அந்தச் சத்தம் எப்படிப்பட்டது? விசில் மாதிரியா, உராய்கிற மாதிரியா? காலையில் கேட்டதா, சூடானபிறகா? நன்றாக யோசித்து எழுதுங்கள். இரண்டு விதமான பேரிங் பார்த்து வைத்திருக்கிறேன். எதை அனுப்புவது என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

பெல்ட் போட்டேன். வளைவில் உருளுமே.

முஹ்சின்


பேட்டை
22-12-2024

அன்பான காக்காவுக்கு, முஃபீதாவின் ஸலாம். உம்மா சுகம். முட்டுவலி கூடக் குறைந்திருக்கிறது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

நான் படித்து அனுப்புகிற கடிதங்கள்தானே எல்லாம்? ஒரு மாசமாகப் பார்க்கிறேன், அவளுக்குச் சத்தம் கேட்கிறது, உங்களுக்கு அது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் அனுப்பிய பேரிங்கையும் பத்து நாளைக்கு முன்னாலேயே மாட்டியாயிற்று. அப்போதும் அவளுக்குச் சத்தம் கேட்டது. நானே வண்டிக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. அண்ணாச்சி தலையை உள்ளே விட்டுக் கேட்டார். "எனக்குக் கேக்கலியே தங்கச்சி. டீச்சருக்கு மட்டுந்தான் கேக்குது" என்றார். சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார்.

போதும் இந்தக் கூத்து என்று ஒரு வேலை செய்தேன். மழை விட்டு ரோடு சரியானதும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, "பாபநாசம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தால்தானே சத்தம் இருக்கா இல்லையா என்று தெரியும்" என்று அர்வாவைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு மறுக்க வழி இல்லை. பக்கத்துச் சீட்டில் நான் உட்காரப் போகும்போது உம்மா துப்பட்டியோடு வந்து நின்றார்கள். "நானும் ஒரு தடவ உக்காந்து பாக்கேன்ட்டீ" என்றார்கள். ஆறு வருஷமாக அந்த வண்டியைத் திரும்பிப் பார்க்காத உம்மா!

நானும் உங்கள் மச்சானும் பின்னால் பைக்கில் போனோம். கூரையைக் கழற்றிவிட்டாள். முதலில் உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார்கள். பத்தமடை தாண்டியதும் கண்ணைத் திறந்தார்கள். வீரவநல்லூர் தாண்டியதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அப்பளம் வாங்கினார்கள். கடைக்காரர் வெளியே வந்து, "வண்டி யாருதும்மா?" என்று கேட்டார். "எம்மவனுது வே! அரபு நாட்டுல இருக்கான்" என்று உம்மா சொன்ன சொல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. ஏற்றத்தில் அவள் கியரை மாற்றி மாற்றி ஏற்றிய லாகவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாபநாசத்தில் இறங்கி ஆற்றில் கால் நனைத்தார்கள். அங்கே இரண்டு பேரும் வெகுநேரம் என்னமோ பேசிச் சிரித்தார்கள். நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது, "இன்னும் கொஞ்சம் வெரசா போட்டீ" என்று உம்மாவே சொன்னார்களாம். வீட்டில் இறங்கியபோது முட்டு வலிக்கவே இல்லை. இறங்கும்போது என்னிடம் ஒன்று சொன்னார்கள். அதை எழுத மாட்டேன்.

ஆக, வண்டி பாபநாசம் போய்த் திரும்பி வந்துவிட்டது. ஆணை நிறைவேறிவிட்டது. இனி நீங்கள் போனிலும் பேசலாம், பெண்ணும் பார்க்கலாம். கடையநல்லூரில் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. தை பிறப்பதற்குள் நேரில் போய்ச் சொல் கொடுத்துவிட வேண்டும் என்று தரகர் நெருக்குகிறார். சம்மதம்தானே? அர்வாவுக்கும் சொல்லிவிட்டேன். "அப்ப இனிமே கடிதம் இருக்காது" என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முஃபீதா


சார்ஜா
30-12-2024

அன்புள்ள முஃபீதா, ஸலாம்.

நேற்று நான் போன் செய்தது உனக்குத் தெரியும். உம்மாவிடம் மழை பெய்யுதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். ஆறு மாசமாக எழுதி எழுதி எனக்கு எழுதினால்தான் பேச்சு வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கொண்டு வருகிறவர் நாளை இறங்குகிறார், இன்றே தருகிறேன்.

கடையநல்லூர் வேண்டாம். அந்தப் பெண் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள், அவளுக்கு நல்ல இடம் அமையட்டும். எனக்கு அர்வா வேண்டும். எழுதிவிட்டேன்.

பேரிங் விட்டுப்போகவில்லை. பெட்டியில் இருந்தது. நான்தான் எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். எல்லாச் சாமானும் போய்விட்டால் அவளுக்கு எனக்கு எழுத என்ன இருக்கிறது? பதினாறு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறேன், ஒரு சாமானைக் கூட மறைத்ததில்லை. இதை மறைத்தேன்.

பெண் பார்க்க வேண்டாம் என்று நான் ஓடியதற்குக் காரணம் கேட்டுக் கேட்டு உம்மா ஓய்ந்துவிட்டார்கள். இப்போது சொல்கிறேன். வாப்பா சவூதியில் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். பழகிக்கொள்ளும் நேரத்தில் லீவு முடிந்துவிடும். உம்மா வாசலில் நின்று அழாமல் வழியனுப்புவார்கள், உள்ளே வந்து அழுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், நீ சின்னப்பிள்ளை. ஒரு பெண்ணை அப்படி நிறுத்த எனக்கு மனசு இல்லை. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

அதனால் இதையும் கேள். இன்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரியில் கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன், திரும்பி வருவதற்கு இல்லை. பேட்டையில் பழைய வண்டிகளுக்குச் சாமான் கிடைக்காமல் நாறும்பூநாதன் அண்ணாச்சி மாதிரி எத்தனை பேர் முழிக்கிறார்கள்? அந்த வேலை எனக்குத் தெரியும். ஒரு கடை போடுவேன். அர்வா அவள் வேலையைப் பார்க்கட்டும். அந்தக் கிரீஸ் இல்லையென்றால் நான் யாருக்குக் கடிதம் எழுதியிருப்பேன்?

அவளிடம் கேள். பைய, பதமாகக் கேள். இல்லை என்றால் இல்லை என்று எழுதச் சொல். அவள் கையால் எழுதச் சொல்.

உன் காக்கா,
முஹ்சின்


பத்தமடை
12-1-2025

முஹ்சின் அவர்களுக்கு, அர்வா எழுதுவது. உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். நான் சுகம். ரொம்பச் சுகம்.

இதை முஃபீதா படிக்கவில்லை. முதல் தடவையாக உறையை ஒட்டியிருக்கிறேன். "ஒட்டு, ஒட்டு, நான் கேக்க மாட்டேன்" என்று அவளே நேற்றுப் பசையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேற்று உம்மா, முஃபீதா, பீர் மைதீன் மச்சான் மூன்று பேரும் தெருவில் கேட்டவர்களிடம் கடையநல்லூருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்களாம். எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். கையில் சீனியும் பழமும். கடையநல்லூரில் அப்படி ஒரு இடமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு இப்போது தெரிகிறது. பாபநாசத்தில் இருந்து வந்து இறங்கும்போது உம்மா முஃபீதாவிடம் சொன்னது இதுதானாம்: "இந்தப் புள்ளய விட்டுட்டு நான் எங்கன போயி மருமவ தேடுவேன்?" அதைக் கேட்டபிறகுதான் உங்கள் தங்கச்சி கடையநல்லூரைக் கண்டுபிடித்திருக்கிறாள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டுமாம்.

உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் படித்தேன். வாப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் உம்மா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து, "எம்மவன் எல்லாத்தயும் பாத்துருக்கான்" என்றார்கள். அழவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

நான் கேட்க நினைத்திருந்தது இரண்டே விஷயம். என் வேலையை நான் விடமாட்டேன், ஒருவரை விமான நிலையத்தில் வழியனுப்புகிற வாழ்க்கையும் எனக்கு ஆகாது. இரண்டுக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். அதனால் நிபந்தனை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பேரிங்கை எடுத்து வைத்துக்கொண்டது பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சாமான் இருந்த தடம் அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் என்னை இன்னொரு கடிதம் எழுத வைக்க அதை எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது தடவை கியர்பாக்ஸை இறக்க ஒரு காரணமும் இல்லை. அண்ணாச்சிக்கும் அது தெரியும், ஆனாலும் எதுவும் கேட்காமல் கூடச் சேர்ந்து இறக்கினார்.

எங்கள் ஊரில் கல்யாணப் பாயில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்வது வழக்கம். வாப்பா என் பெயரை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பாயில் நெய்துவிட்டு, மறு ஓரத்தைக் காலியாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். நேற்று எல்லோரும் போனபிறகு அதை எடுத்து விரித்தார்கள். "என்ன பேரும்மா போடணும்?" என்று கேட்டார்கள். தெரிந்துகொண்டே கேட்டார்கள். நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வண்டியில் இனி எந்தக் குறையும் இல்லை. உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை, எனக்கு எழுத உங்களுக்கும் இல்லை. ஆனாலும் நீங்கள் வந்து இறங்கும்வரை எழுதுங்கள்.

அர்வா